பில்லில் ஏறாத வேலை

இன்ஜின் வேலை முடித்து வெளியே வந்த வண்டி, சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் மறுபடி தட்ட ஆரம்பித்தால் பழி யார் யார் மேல் விழும் என்று கவனித்திருக்கிறீர்களா? முதலில் பேரிங் டூப்ளிகேட் என்பார்கள். அப்புறம் ஆயில் சரியில்லை என்பார்கள். இரண்டும் எடுபடவில்லை என்றால், ரன்னிங் இன் (புதிதாக வேலை பார்த்த இன்ஜினை முதலில் மெதுவாக ஓட்டிப் பழக்குவது) பார்க்காமல் மிதித்துவிட்டார் என்று ஓட்டியவர் தலையில் வந்து நிற்கும். மூன்றுமே சில வண்டிகளில் உண்மைதான். ஆனால் இன்ஜினின் உடம்பான பிளாக்குக்குள் ஓடும் ஆயில் துளைகளை யார் கழுவினார்கள், எதை வைத்துக் கழுவினார்கள், துளையின் முனையை அடைத்திருக்கும் திருகான டம்மியைக் கழற்றிவிட்டுக் கழுவினார்களா என்று கேட்பவர் கிடையாது. வண்டிக்காரரும் கேட்பதில்லை, வேலை செய்தவரும் சொல்வதில்லை. எங்கள் வண்டிக்கு இரண்டு முறை இன்ஜின் இறங்கிய (கழற்றிப் பிரித்து வேலை பார்த்த) பிறகு இந்த ஒரு விஷயம் மட்டும் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

வண்டி அப்பா வாங்கிய டீசல் அம்பாசிடர். 1489 சிசி, வார்ப்பிரும்பு பிளாக், ஓவர்ஹெட் வால்வு. 2014-இல் உத்தர்பாரா தொழிற்சாலை நின்றபோதே விற்றுவிடச் சொன்னவர்கள் உண்டு. அப்பா விற்கவில்லை, நானும் விற்கப்போவதில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியபோது அந்த வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. பாண்டியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது; எங்கள் கடலூர்ப் பக்கம் மரம் விழுந்தது, கரண்ட் போனது, அவ்வளவுதான் என்று மூச்சுவிட்டோம். அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கியது. பெரியகங்கணாங்குப்பம், உச்சிமேடு, நாணமேடு, குண்டு உப்பலவாடிப் பக்கம் இருப்பவர்களுக்கு அந்த டிசம்பர் முதல் வாரத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வண்டி நின்ற இடத்தில் தண்ணீர் ரேடியேட்டரின் பாதிக்கு மேல் ஏறி நின்றது. வடிந்தபோது பானெட்டுக்குள், சீட்டுக்கு அடியில், டிக்கியில், எங்கும் மாவு போன்ற வண்டல்.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டுபோய் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். ஆயிலை இறக்குவதற்கு முன்பே அங்கிருந்த பையன் ஒருவன், சுற்றுகிறதா பார்க்கலாம் என்று ஸ்டார்ட்டரைப் போட்டுவிட்டான். கொஞ்ச நேரம்தான் சுற்றியது. பிறகு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சேம்பரைக் கழற்றியபோது ஆயிலும் சேறும் கலந்து காபித்தூள் நிறத்தில் கூழாக விழுந்தது. இதைப் பார்த்ததும் முழு இன்ஜினையும் இறக்கிவிடலாம் என்றார்கள். இறக்கினார்கள். ரிங் செட், பேரிங், கேஸ்கெட் கிட், புது பெயின்ட் எல்லாம் போட்டு, பார்க்க ஷோரூம் இன்ஜின் மாதிரி மாட்டிக் கொடுத்தார்கள். கோடை முடிவதற்குள் அடியில் இருந்து 'டொக் டொக்' கேட்க ஆரம்பித்தது. சூடேறினால் ஆயில் பிரஷர் முள் படுத்துக்கொண்டது.

தூசியின் அளவு

இங்கே கொஞ்சம் நின்று, பேரிங் எப்படித் தாங்குகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இது தெரியாமல் கழுவுகிற வேலையின் அருமை புரியாது.

இன்ஜினின் சுற்றும் தண்டான கிராங்க், பேரிங்கின் மேல் உட்கார்ந்து சுற்றுகிறது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். ஓடும்போது அது பேரிங்கைத் தொடுவதே இல்லை. நடுவில் ஆயில் படலம் இருக்கிறது. இதை முதலில் கண்டுகொண்டவர் பியூசாம்ப் டவர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். ரயில் அச்சு பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, ஆயில் விடுவதற்காக பேரிங்கின் மேல்பக்கம் ஒரு துளை போட்டார். ஓட்டினால் ஆயில் அந்தத் துளை வழியாகத் திரும்ப மேலே பொங்கியது. கார்க் வைத்து அடைத்தார், தள்ளிவிட்டது. மரக்கட்டையை அடித்து இறுக்கினார், அதையும் தள்ளிவிட்டது. அழுத்தமானி வைத்துப் பார்த்தபோதுதான், சுற்றுகிற தண்டு தானே ஆயிலை ஆப்பு மாதிரி இழுத்து உள்ளே திணித்து, தன்னையே தூக்கி நிறுத்திக்கொள்கிறது என்பது தெரிந்தது. அது 1883. மூன்று வருஷம் கழித்து 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்கான கணக்கை எழுதினார். இன்றைக்கும் பேரிங் வடிவமைக்கிறவர்கள் அந்தக் கணக்கில் இருந்துதான் தொடங்குகிறார்கள்.

அந்தப் படலம் இருப்பதற்கான இடைவெளி எவ்வளவு? பழைய மெக்கானிக்குகள் வைத்திருக்கும் கணக்கு, தண்டின் விட்டத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டு அங்குலத் தண்டு என்றால் சுமார் 0.05 மில்லிமீட்டர். ஓடும்போது தண்டு ஒரு பக்கமாக ஒதுங்கும். அந்த இடத்தில் படலம் இன்னும் மெலிதாக இருக்கும். வண்டல் என்று மண்ணியல்காரர்கள் வகுத்திருக்கும் துகளின் அளவோ 0.002-இல் இருந்து 0.063 மில்லிமீட்டர் வரை. அதாவது ஆறு கொண்டுவந்து கொட்டிய மண், பேரிங் இடைவெளிக்கென்றே அளவெடுத்த மாதிரி. பெரிய மணலாக இருந்தால் பேரிங் வாயிலேயே நின்றுவிடக்கூடும். வண்டல் உள்ளே புகுந்து, ஒரு பக்கம் மெத்தென்ற பேரிங் உலோகத்தில் பதிந்துகொண்டு, மறுபக்கம் கிராங்கைத் தேய்க்கும். பேரிங் மேல்பூச்சை மெத்தென்று வைப்பதே இந்த மாதிரி ஒன்றிரண்டு துகள் வந்தால் விழுங்கிக்கொள்ளட்டும் என்றுதான். அதற்கும் ஒரு எல்லை உண்டு.

ஃபில்டர் எதற்கு இருக்கிறது என்று கேட்கலாம். நானும் கேட்டேன். ஃபில்டர் அடைத்துக்கொண்டாலோ, ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருந்தாலோ, பேரிங் காய்ந்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு பைபாஸ் வால்வு திறந்துகொள்ளும். வடிகட்டாத ஆயில் நேராகப் போகும். சேற்றுக்கூழை வைத்துக்கொண்டு ஸ்டார்ட்டர் போட்டால் நடப்பது அதுதான். அதைவிட முக்கியமானது இன்னொன்று. பிளாக்குக்குள் நீளவாக்கில் ஓடும் பெரிய ஆயில் துளை இருக்கிறதே, மெக்கானிக் பாஷையில் மெயின் லைன், அது ஃபில்டருக்கு அந்தப் பக்கம் இருப்பது. ஃபில்டரைத் தாண்டி வந்த ஆயில்தான் அங்கே போகிறது. அங்கிருந்து, கிராங்கைப் பிளாக்கில் தாங்கும் ஒவ்வொரு மெயின் பேரிங்குக்கும் கிளை பிரிகிறது. எனவே அந்தத் துளைக்குள் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கும் எதுவும் ஃபில்டருக்குப் போகாது. நேராக புதுப் பேரிங்குக்குப் போகும். பேரிங்கைத் தேய்த்து முடித்து, சேம்பரில் விழுந்து, பம்ப் இழுத்த பிறகுதான் ஃபில்டருக்கு வரும்.

டம்மியைச் சுரண்டிய கத்தி

இரண்டாவது முறை வண்டியைத் திருப்பாப்புலியூர்ப் பக்கம் ஒரு சின்னப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அதை நடத்தும் அண்ணன் இளவயதில் முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகு இன்ஜின் பார்த்தவர். அறுபதைத் தாண்டியவர். இன்ஜினை இறக்கி பேரிங் ஓடுகளை வரிசையாகத் துணி மேல் வைத்தார். முன்பக்கத்து ஓடுகளில் லேசான கோடுகள்தான். பின்னால் போகப் போக மோசம். கடைசி மெயின் பேரிங்கும் அதில் இருந்து ஆயில் வாங்கும் பிக் எண்ட் (பிஸ்டன் கம்பி கிராங்கைப் பிடிக்கும் இடம்) ஓடும் வெள்ளைப் பூச்சு போய்ச் செம்பு தெரிய, நகத்தால் தடவினால் நகம் மாட்டியது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓட்டுத் துண்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாக ஏதோ பதிந்து மின்னியது.

"டூப்ளிகேட் பேரிங்காண்ணே?"

"பேரிங் நல்ல பேரிங்தான் தம்பி. பாவம், அது என்ன பண்ணும்?"

அப்புறம் அவர் செய்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பிளாக்கைத் திருப்பிப் போட்டு, மெயின் லைன் முடிகிற இடத்தில் இருக்கும் திருகு டம்மியின் மேல் ஒரு சின்னக் கத்தியால் சுரண்டினார். புது பெயின்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அதற்கு அடியில் பழைய பெயின்ட். பழைய பெயின்ட் டம்மியின் விளிம்பையும் பிளாக்கையும் சேர்த்து ஒரே தோலாகப் போர்த்தியிருந்தது. எங்கும் விரிசல் இல்லை, ஸ்பேனர் பட்ட தடம் இல்லை. "இது கம்பெனியில மாட்டினது. இதுவரைக்கும் யாரும் கழட்டல" என்றார். முதல் ஒர்க்‌ஷாப்பில் பிளாக்கைக் கழுவியிருக்கிறார்கள். அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். மண்ணெண்ணெய் அடித்து, காற்று ஊதி, வெளியே பளபளவென்றுதான் வைத்திருந்தார்கள். ஆனால் இரண்டு முனையும் மூடியிருக்கிற துளைக்குள், நடுவில் இருக்கும் கிளை வழியாக ஊதினால் காற்று சுலபமான வழியைத் தேடிக்கொண்டு அடுத்த கிளையில் வெளியேறிவிடும். கடைசிக் கிளைக்கும் டம்மிக்கும் நடுவில் இருக்கும் முட்டுச்சந்துக்குள் அது போகாது.

டம்மி சுலபத்தில் வரவில்லை. கேஸ் வைத்துச் சூடாக்கினார், ஆற விட்டார், சுத்தியலால் இரண்டு தட்டு, மறுபடி சூடு. அவசரப்பட்டால் தலை உருண்டுவிடும் என்று பையனை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு அவரே நீளக் கம்பி போட்டுத் திருகினார். ஒருவழியாகக் கிறீச்சென்று கழன்றது. கழன்ற டம்மியின் உள்பக்கம் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. ஒரு கம்பியை உள்ளே விட்டு இழுத்தார். விரல் நீளத்துக்குச் சாம்பல் கலந்த கறுப்புக் களி, பற்பசை மாதிரி வந்து காகிதத்தில் விழுந்தது. பல வருஷத்து ஆயில் கசடும் தென்பெண்ணை வண்டலும் சேர்ந்து பிசைந்தது. அதில் கொஞ்சம் எடுத்து, உடைந்த கண்ணாடித் துண்டு இரண்டின் நடுவில் வைத்துத் தேய்த்துக் காட்டினார். நறநறவென்ற சத்தம் தள்ளி நின்ற எனக்கும் கேட்டது. துடைத்துவிட்டுப் பார்த்தால் கண்ணாடியில் பனி படர்ந்த மாதிரி கீறல்.

கடைசிப் பேரிங் ஏன் அதிகம் போயிருந்தது என்பதற்கு வேறு விளக்கமே தேவைப்படவில்லை. களி இருந்த இடத்துக்குப் பக்கத்துக் கிளை அதனுடையது. புது ஆயிலில் அழுக்கைக் கரைக்கும் டிடர்ஜென்ட் சேர்மானம் இருக்கும். அது சூடாக ஓட ஓட, களியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டுபோய்ப் பேரிங்குக்கு ஊட்டியிருக்கிறது. நல்ல ஆயில், நல்ல பேரிங், நல்ல கிரைண்டிங் எல்லாம் இருந்தும், ஒரே ஒரு திருகைத் திறக்காததால் அத்தனையும் வீண்.

கழுவுவது என்றால்

நான் அதுவரை கழுவுவது என்றால் மண்ணெண்ணெய்தான் என்று நினைத்திருந்தேன். மண்ணெண்ணெய் முதல் கட்டம் மட்டுமே. அது பிசுக்கைக் கரைக்கும். ஆனால் துகளைச் சுவரை விட்டுத் தூக்காது, மண்ணெண்ணெய் ஆவியானதும் துகள் அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். போர் ஹானிங் செய்த கல்லின் பொடியும் அப்படித்தான், சிலிண்டர் சுவரின் நுண்கோடுகளில் பதுங்கிக்கொள்ளும். துகளைத் தூக்கிக்கொண்டுவர சோப்புத் தண்ணீர்தான் வேண்டும், அதுவும் சூடாக. அண்ணன் பெரிய தகர டின்னில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, சாதாரணத் துணி துவைக்கும் பவுடரைக் கரைத்தார். வார்ப்பிரும்பு என்பதால் காஸ்டிக் சோடாவும் போடலாம், ஆனால் அலுமினியம் ஹெட், அலுமினியம் பிளாக் வண்டிக்கு அந்தப் பழக்கத்தில் போட்டுவிட்டால் உலோகத்தையே தின்றுவிடும், அதனால் பட்டறையில் காஸ்டிக்கே வைத்துக்கொள்வதில்லை என்றார்.

பாட்டில் கழுவும் நைலான் பிரஷ்ஷைச் சைக்கிள் ஸ்போக்கில் பற்றவைத்து அவரே செய்த கருவிகள் அரை டஜன் இருந்தன, ஒவ்வொரு துளை அளவுக்கும் ஒன்று. பிரஷ்ஷை ஒரு முனையில் விட்டு மறுமுனையில் வெளியே எடுத்தார். பாதி வழி போய்த் திரும்பி இழுத்தால் அழுக்கைத் திரும்ப உள்ளே தள்ளியதாகத்தான் அர்த்தம். அப்புறம் பையன்களுக்கு ஒரு வேலை வைத்தார். ஒரு துளையில் காற்று வைத்தால் எந்தெந்தத் துளையில் வர வேண்டும் என்று சாக்பீஸால் பிளாக்கில் எண் போட்டு, ஒருவன் ஊத, ஒருவன் விரல் வைத்துப் பார்த்து, "ரெண்டு வருதுண்ணே, மூணு வருதுண்ணே" என்று சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும். மேலே வால்வுகளைத் திறக்கும் ராக்கர்களின் ஷாஃப்டுக்கு ஏறிப்போகும் சின்னத் துளையில் காற்று முதலில் பலவீனமாகத்தான் வந்தது. அதற்காக மறுபடி கொதிதண்ணீர், மறுபடி பிரஷ்.

கடைசிச் சோதனை வெள்ளைத் துணி. பனியன் வேஸ்ட்டில் இருந்து வெள்ளையாகத் தேடி எடுத்து, கம்பியில் கட்டித் துளைக்குள் இழுத்தார். கறுப்பாக வந்தது, சாம்பலாக வந்தது, பிறகு இளமஞ்சளாக வந்தது. வெள்ளையாக வரும்வரை விடவில்லை. வெள்ளையாக வந்த உடனே ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் துளைகளுக்குள் ஆயில் பீய்ச்சினார். சுத்தமான இரும்பு, கடலோரக் காற்றில் கண்ணெதிரே துருப்பிடிக்கும். பாண்டி மேட்டுப்பாளையத்தில் இருந்து கிரைண்டிங் முடிந்து வந்த கிராங்கையும் அப்படியே மாட்டவில்லை. மெயினில் இருந்து பிக் எண்டுக்குச் சாய்வாகப் போகும் துளைக்குள் துணியை இழுத்தார். இரும்புப்பொடியும் கல்பொடியும் கலந்து ஈயக்குழம்பு மாதிரி வந்தது. கிரைண்டிங் செய்தவர்களைக் குறை சொல்ல முடியாது. மாட்டுகிறவர் கழுவிக்கொள்வார் என்று அவர்கள் நினைக்கிறார்கள். மாட்டுகிறவர் அங்கேயே கழுவிவிட்டார்கள் என்று நினைக்கிறார்.

டம்மிகளைத் திரும்ப மாட்டும்போது டெஃப்லான் டேப் சுற்ற விடவில்லை. டேப்பின் ஒரு நூல் பிய்ந்தால் அதுவே போய் ஏதாவது கிளையின் வாயில் உட்கார்ந்துவிடும். மரையில் கொஞ்சமாக லாக் பசை, முதல் இரண்டு மரையை விட்டுவிட்டு. சேம்பர் கேஸ்கெட்டுக்கும் அதே கண்டிப்பு. பிதுங்கும் அளவுக்குப் பசை வைத்தால், வெளியே பிதுங்கிய அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும், அது காய்ந்து உதிர்ந்து பம்ப் வலையில் போய் ஒட்டும்.

முதல் ஸ்டார்ட்டையும் சும்மா செய்யவில்லை. ஆயில் பம்ப்புக்குள் வாஸ்லின் நிரப்பி, டீசல் வராதபடி ஸ்டாப் கேபிளை இழுத்துக் கட்டிவிட்டு, ராக்கர்களை மூடியிருக்கும் டேப்பெட் கவரைத் திறந்துவைத்து, ஸ்டார்ட்டரில் விட்டு விட்டுச் சுற்றினார். பிரஷர் முள் எழுந்தது. ஆனால் அவர் முள்ளைப் பார்க்கவில்லை. ராக்கர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ராக்கராக ஆயில் கசிந்து வழிந்த பிறகுதான் கேபிளை அவிழ்த்தார். ஆயில் போய்ச் சேர வேண்டியதிலேயே கடைசி இடம் அது.

காசு பேசியபோது

பில் எழுதும்போதுதான் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு வந்தது. முதல் ஒர்க்‌ஷாப் பில் மாதிரியேதான் இதுவும் இருந்தது: பேரிங், ரிங், கேஸ்கெட், கிரைண்டிங், ஆயில், ஃபில்டர், கடைசியில் லேபர். கழுவியதற்கு என்று ஒரு வரி இல்லை. இருப்பதிலேயே அதிக நேரம் பிடித்த வேலை அதுதான், அதற்குத் தனியாகப் போடுங்கள் என்றேன். மறுத்துவிட்டார். "கழுவினதுக்குக் காசா, அப்ப கழுவாமகூட இன்ஜின் கட்டுவீங்களாம்பாங்க தம்பி. அசிங்கமா இருக்கும்." படகு இன்ஜினில் இதையெல்லாம் யாரும் தனியாகக் கேட்டதில்லை, நடுக்கடலில் நின்றுபோனால் தள்ளிவிட ஆள் வராது என்பதால் கழுவுவது வேலையின் பாதி என்றே பழகியது என்றார்.

அவர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் இதில் அவரோடு ஒத்துப்போக முடியவில்லை. பில்லில் இல்லாத வேலை, அவசரம் வரும்போது முதலில் சுருங்கும். பேரிங்கை மாட்டாமல் விட முடியாது, பெட்டி காலியாக இல்லை என்றால் தெரிந்துவிடும். ரிங்கை விட முடியாது. கழுவுவதை விடலாம், மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. அதனால்தான் அது எந்தப் பட்டறையிலும் புதிதாகச் சேர்ந்த பையன் கைக்குப் போகிறது. ஆயில் துளை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று இன்னும் தெரியாத பையன் அவன். அவனைக் குற்றம் சொல்லி என்ன பயன்? கிராங்க் மாட்டுவதற்கு டார்க் ரென்ச் எடுக்கும் கையே பிரஷ்ஷையும் எடுக்க வேண்டும் என்றால், அந்தக் கைக்கு அந்த நேரத்துக்கான கூலி கிடைக்க வேண்டும். "ஆயில் லைன் கழுவல், டம்மி கழற்றி மாட்டல்" என்று ஒரு வரி பில்லில் இருந்தால், வண்டிக்காரர் அது என்ன என்று கேட்பார். கழற்றிய டம்மியைக் காட்டச் சொல்வார். பட்டறைக்காரர் காட்டியே ஆக வேண்டும்.

அந்த வரியை அவர் எழுதவில்லை. லேபரில் நான் சேர்த்துக் கொடுத்ததை மட்டும், ரொம்ப வற்புறுத்திய பிறகு, பையன்களுக்கு என்று வாங்கிக்கொண்டார். முதல் ஆயில் மாற்றியபோது ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பார்த்தோம். ரிங் உட்காரும்போது வரும் மினுக்குப் பொடி கொஞ்சம், மண் இல்லை. வில்லியனூரில் என் மச்சான் வண்டிக்கு இந்த மாதம் இன்ஜின் இறங்குகிறது. அங்கே கொட்டேஷன் போடும்போதே அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறோம். பட்டறைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி, ஆனால் அதற்கு இரண்டு நாள் கூட ஆகும் என்றாராம். ஆகட்டும் என்று சொல்லச் சொன்னேன்.